நானிங் கோட்டுக்கு இருபுறமும்

மலேசியாவின் சிம்பாங் அம்பாட் சுங்கச்சாவடியில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வண்டிகளில் பெரும்பாலானவை அலோர் காஜா பக்கம் திரும்பிவிடுகின்றன. நெடுஞ்சாலையிலேயே வடக்கு நோக்கிப் போகிறவர்களுக்குச் சற்றுத் தொலைவில் மலாக்கா மாநிலம் முடிகிறது. நெகிரி செம்பிலானின் ரெம்பாவ் மாவட்டம் தொடங்குகிறது. ஒரு வரவேற்புப் பலகை நிற்கிறது. அதற்கு முன்னும் பின்னும் அதே செம்பனை, அதே செம்மண், மழைக்காலத்தில் அதே சேறு. பலகையைக் கவனிக்காமல் கடந்துபோகிறவர்களே அதிகம்.

அந்தப் பலகை நிற்கும் கோட்டுக்காக ஒரு காலத்தில் சென்னைப் பட்டாளம் கப்பலேறி வந்தது. நூறாண்டுக்கும் மேலாகிய பின், பால்மரம் வெட்டப் பிறந்ததாகக் கருதப்பட்ட ஒரு பிள்ளை இந்நாட்டின் குடிமகனா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் கோடாகவும் அதுவே ஆனது. எல்லை என்றால் என்ன, மனிதர் அதை எப்படித் தாண்டுகிறார்கள் என்று யோசிப்பதற்கு இமயமலைக்கோ பெர்லின் சுவருக்கோ போக வேண்டியதில்லை. அலோர் காஜா மாவட்டமே போதும்.

இந்த வட்டாரத்தின் பழைய பெயர் நானிங். மினாங்கபாவ் வழிவந்த மலாய் மக்கள் வாழ்ந்த இந்நிலத்தில், ரெம்பாவைப் போலவே, நிலவுரிமை தாய்வழியில் இறங்கியது. 1641இல் மலாக்காவைப் பிடித்த டச்சுக்காரர்கள் நானிங் தலைவர்களோடு உடன்படிக்கை செய்தார்கள். விளைச்சலில் பத்தில் ஒன்று வரி என்று ஏட்டில் இருந்தது. காலப்போக்கில் அது ஆண்டுக்கு 400 கந்தாங் (மலாய் முகத்தல் அளவை) நெல் என்ற அடையாளக் காணிக்கையாகச் சுருங்கியது. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அதில் மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை. 1824இன் ஆங்கிலேய டச்சு ஒப்பந்தத்தால் மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு வந்ததும், அதிகாரிகள் பழைய ஏடுகளைப் புரட்டினார்கள். நானிங் மலாக்காவின் ஒரு பகுதிதான், ஆகவே பத்தில் ஒன்று வரி உண்டு, நீதி விசாரணையும் நம்முடையதே என்று முடிவு கட்டினார்கள். நானிங்கின் பெங்குலுவான (தலைவரான) அப்துல் சைட், அதாவது மக்கள் வாயில் டோல் சைட், மறுத்துவிட்டார்.

1831 ஆகஸ்டில் மலாக்காவிலிருந்து 150 சிப்பாய்கள் கிளம்பினார்கள். மதராஸ் காலாட்படையின் 29ஆவது ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள். தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்த படை அது. காட்டுவழியில் மரங்களை வீழ்த்தி வழிமறித்து, மறைந்திருந்து தாக்கிய நானிங் மக்களிடம் தோற்று, பீரங்கிகளைக் கைவிட்டுத் திரும்பினார்கள். மறு ஆண்டு மதராஸிலிருந்து இன்னும் பெரிய படை வந்தது; சுரங்கம் வெட்டுவோர், சாலை போடுவோர் என்று தனிப்பிரிவே கூட வந்தது. காட்டை இருபுறமும் அகலமாக வெட்டிச் சாய்த்து, சாலை போட்டுக்கொண்டே முன்னேறினார்கள். மாதம் முழுக்க உழைத்தால் சில மைல்கள்தான் நகர முடிந்தது. 1832 ஜூன் 15 அன்று டோல் சைட்டின் ஊரான தாபோ விழுந்தது. ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் வரிக்காகச் செய்த இந்தப் போருக்கு ஒரு லட்சம் பவுன் செலவானது என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

மலாயாத் தமிழர் வரலாறு என்றதும் கங்காணியும் கப்பலும் பால்மரமும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்த மண்ணில் காட்டை வெட்டிச் சாலை போட்ட தென்னிந்தியர்களில் முந்தியவர்கள் துப்பாக்கியோடு வந்தவர்கள். பிறர் நிலத்தில் பிறருக்காக எல்லை போட வந்த கூலிப்படையினர். அவர்களுடைய பெயர்கள் தமிழ்ப் புத்தகங்களில் தென்படுவதில்லை. அந்தப் போரைக் கண்ணால் கண்டு எழுதிய மதராஸ் பீரங்கிப் படைக் கேப்டன் பெக்பியின் புத்தகமோ 1834இல் சென்னை வேப்பேரி மிஷன் அச்சகத்தில் அச்சானது. நானிங் கதை நூலாக அச்சு மையைக் கண்டது ஒரு தமிழ்நாட்டு வீதியில்! நியூபோல்ட் என்ற இன்னொரு மதராஸ் படை அதிகாரி அலோர் காஜாவில் காவல் பொறுப்பில் இருந்துகொண்டே இந்த வட்டாரத்தைப் பற்றி விரிவாகக் குறிப்பெழுதி, 1839இல் நூலாக வெளியிட்டார். டோல் சைட் 1834இல் சரணடைந்தார். மாத ஓய்வூதியம் பெற்று மலாக்கா நகரில் வாழ்ந்து 1849இல் இறந்தார். அவருடைய கல்லறை தாபோ நானிங்கில் இருக்கிறது. மலேசியப் பள்ளிப் பாடநூல்களில் இன்று அவர் விடுதலை வீரர்.

போர் முடிந்ததும் கோடு போடும் வேலை தொடங்கியது. 1833 ஜனவரியில் ரெம்பாவ் தலைவர்களோடு ஆங்கிலேயர் ஓர் எல்லை உடன்படிக்கை செய்தார்கள். அதில் நில அளவைக் கணக்கு கிடையாது. ஆற்று முகத்திலிருந்து ஒரு குன்று, அங்கிருந்து இன்னொரு குன்று, பிறகு ஒரு மடு, ஒரு பழத்தோட்டம் என்று ஊர்க்காரர் கைநீட்டிக் காட்டும் அடையாளங்களே எல்லையாயின. கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே குலத்தவர், ஒரே பேச்சு, ஒரே தாய்வழி வழக்கம். ஆனாலும் இந்தப் பக்கம் கம்பெனி நிலம். அந்தப் பக்கம் மலாய்த் தலைவர் நிலம்.

ஆரம்பத்தில் அந்தக் கோட்டுக்கு அன்றாட வாழ்வில் பெரிய பொருள் இல்லை. 1887இல் ரெம்பாவ் ஆங்கிலேயப் பாதுகாப்புக்குள் வந்தது. 1895இல் நெகிரி செம்பிலான் இன்றைய வடிவம் பெற்று, மறு ஆண்டு கூட்டு மலாய் மாநிலங்களில் ஒன்றாகியது. இரு பக்கமும் ஆங்கிலேயர்தான் ஆண்டார்கள். என்றாலும் ஆட்சிமுறை வேறு, சட்டப் புத்தகம் வேறு. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றம் அரசியின் நேரடிக் காலனி. நெகிரி செம்பிலானோ மலாய் அரசரின் நாடு, ஆங்கிலேயர் அங்கே பெயரளவுக்கு ஆலோசகர்.

இந்தக் கோடு இன்றும் எவ்வளவு விசித்திரமாக ஓடுகிறது என்பதைப் பார்க்க, சிம்பாங் அம்பாட்டிலிருந்து கிழக்கே புலாவ் செபாங்குக்குப் போக வேண்டும். அது மலாக்கா. அதனோடு ஒட்டியிருக்கும் தம்பின் நெகிரி செம்பிலான். கடைத்தெருவில் நடக்கிறவருக்கு இரண்டும் ஒரே ஊர். வீட்டு வரி கட்டுகிறவருக்கு இரண்டு ஊர். ரயில் நிலையம் மலாக்கா மண்ணில் இருக்கிறது. நெடுங்காலம் அதற்குத் தம்பின் என்றே பெயர். இன்று புலாவ் செபாங், தம்பின் என்ற இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதுகிறார்கள். மாநில விடுமுறை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் வேலை நாள். தேநீர்க் கடைக்காரர் எந்த மாநிலம் என்று வாடிக்கையாளர் கேட்பதில்லை.

தமிழ் இலக்கணத்துக்கு இந்த நிலை புதிதல்ல. தொல்காப்பியம் நிலத்தைப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் தெய்வமும் தொழிலும் பொழுதும் வகுத்துக் கொடுத்தது. வகுத்த கையோடு ஒரு விலக்கையும் சேர்த்தது: ஒரு நிலத்துக்குரிய ஒழுக்கம் இன்னொரு நிலத்திலும் நிகழலாம், தடையில்லை, ஆனால் நிலமும் நிலமும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. குறிஞ்சிக் காதலை நெய்தல் கரையில் பாடலாம், மலை மட்டும் கடலாகிவிடாது. எல்லையைப் பற்றிய ஆழமான சிந்தனையாகவே இதைக் கொள்ள வேண்டும். கோடு மண்ணுக்கு உரியது. வாழ்க்கை அதன்மேல் மயங்கிப் படரும். நானிங், ரெம்பாவ் மக்கள் கோட்டுக்கு இருபுறமும் ஒரே தாய்வழி வழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது அப்படித்தான். தோட்டத் தமிழர் கோட்டைத் தாண்டிப் பெண் கொடுத்து, பெண் எடுத்து, திருவிழாவுக்குப் போய்வந்ததும் அப்படித்தான். கெடுதல் எங்கே தொடங்குகிறது என்றால், மண்ணில் கிடந்த கோட்டைத் தூக்கி ஒருவர் மனிதர்மேல் போடும்போதுதான்.

அந்தக் கதை ரப்பரோடு ஆரம்பிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாக்கா உள்நாட்டுக் காடுகளைச் சீன முதலாளிகள் மரவள்ளிக்காக அழித்தார்கள். மரவள்ளி மண்ணை உறிஞ்சிவிட்டுப் போன இடத்தில் ரப்பர் வந்தது. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் என்ற மலாக்காச் சீன வணிகர் நாற்பது ஏக்கரில் நட்டதே மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம். பிறகு புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கர். சில ஆண்டுகளில் மலாக்கா முழுக்கப் பால்மரம் பரவியது. அலோர் காஜா, சிம்பாங் அம்பாட் வட்டாரமும் விதிவிலக்கல்ல. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் பெயர் பதிந்து, கப்பலேறி, தனிமைப்படுத்தும் தீவுகளில் நாள் கழித்து, தமிழர்கள் வந்து இறங்கினார்கள். கடலைத் தாண்டியதே பெரிய எல்லை என்று நினைத்திருப்பார்கள். தோட்டத்துக்குள் நுழைந்த பிறகுதான் மற்ற எல்லைகள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன.

தோட்டத்தின் நில அமைப்பே ஒரு சமூகப் படம். மேட்டில் தோட்ட நிர்வாகியான துரையின் பங்களா. சற்றுக் கீழே எழுத்தர்களான கிராணியார் வீடுகள். தாழ்விடத்தில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம். இடையில் பெரட்டுக்களம், விடியுமுன் அங்கே பெயர் கூப்பிடும்போது இல்லாதவருக்கு அன்றைய கூலி இல்லை. ஒவ்வொருவருக்கும் வெட்டுவதற்கென்று ஒதுக்கப்பட்ட மரங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை. தோட்டம் தனியார் நிலம் என்பதால், அக்காளைப் பார்க்க வந்த தம்பியும் துரையின் அனுமதியோடுதான் உள்ளே வர முடியும். வெளியே கம்பத்து மலாய்க்காரர், சீனர் கடைத்தெரு. உள்ளே கள்ளுக்கடையும் கோவிலும் பள்ளியும். தொழிலாளியின் உலகம் இந்த வேலிக்குள்ளேயே முடிந்துவிடும்படி அமைத்திருந்தார்கள்.

வேலிகளில் சிலவற்றைத் தமிழரே கப்பலில் கொண்டுவந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. பல தோட்டங்களில் ஆதிதிராவிடருக்குத் தனி லயம் இருந்தது. கோவிலில் யார் எதுவரை போகலாம் என்பதும் ஊரில் இருந்தபடியே தொடர்ந்தது. சாதிக்கு ஏற்றபடி லயம் பிரித்துக் கொடுத்ததில் துரைக்கும் வசதி, கங்காணிக்கும் வசதி. 1929 கடைசியில் பெரியார் மலாயா வந்து பேசியதும், அதன்பின் வளர்ந்த சீர்திருத்தச் சங்கங்களும் இதை எதிர்த்தன. பால் வெட்டும் வேலை ஒன்றாக இருந்ததும், ஒரே கங்காணியின் கீழ் ஒரே பெரட்டில் நின்றதும் அந்தச் சுவரைப் பாதியாவது கரைத்தன. மீதிப் பாதி திருமணப் பேச்சில் இன்றும் தலைகாட்டுகிறது.

தோட்டத்துக்கு இரண்டு தெய்வங்கள் கட்டாயம். நடுவில் மாரியம்மன். தோட்டம் முடிந்து காடு தொடங்குமிடத்தில், பெரும்பாலும் ஒரு மரத்தடியில், முனி. எல்லையைக் காக்கும் சாமி. தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஐயனாரும் முனியும் செய்த வேலையை இங்கேயும் செய்ய வேண்டும்: உள்ளே இருப்பவரை வெளியில் இருப்பதிடமிருந்து காப்பது. காட்டுக்குள் வேலைக்குப் போகிறவர் ஒரு சூடம் ஏற்றிவிட்டுப் போவார். துரை போட்ட எல்லையைத் தொழிலாளி மதிக்க வேண்டியிருந்தது. முனி நிற்கும் எல்லையை அவரே போட்டுக்கொண்டார். எந்த நிலப் பத்திரத்திலும் இல்லாத அந்த இரண்டாவது எல்லைதான் அந்த மண்ணை அவருக்குச் சொந்த ஊராக்கியது. பின்னாளில் தோட்டம் கைமாறியபோது கோவிலை அகற்றுவதற்கு எழுந்த எதிர்ப்பின் உக்கிரத்தை இந்த வரலாறு தெரியாமல் புரிந்துகொள்ள முடியாது.

எல்லையைத் தாண்டுவது எப்படி என்ற கேள்விக்கு மலாயாத் தமிழர் வரலாற்றில் கிடைக்கும் மிகத் தெளிவான பதில் 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வெளிப்பட்டது. தமிழ் நேசன் நாளிதழில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதனின் தலைமையில் தோட்டத் தொழிலாளர்கள் கோரிக்கைப் பட்டியல் ஒன்றை முன்வைத்தார்கள். சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி தங்களுக்கும் வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான படிப்பு வேண்டும், பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். இவற்றோடு இன்னொன்று: துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளில் ஏறிச் செல்ல அனுமதி வேண்டும்.

அந்தக் கடைசிக் கோரிக்கையைப் படிக்கும் எவருக்கும் நெஞ்சு ஒரு கணம் நிற்கும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது வழக்கம். அதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எந்தப் பலகையிலும் எழுதி ஒட்டவில்லை. எழுதாத அந்த எல்லையை எழுத்தில் கொண்டுவந்து, எண் போட்டு, மேசைமேல் வைத்ததுதான் அந்தத் தொழிலாளர்கள் செய்த மாபெரும் செயல். கூலி உயர்வு கேட்பது எளிது. அதற்குத் தொகை இருக்கிறது. அவமானத்துக்குத் தொகை இல்லை. அது காற்றைப்போல் எங்கும் இருக்கும், அதில் வளர்ந்தவருக்கு அது இயற்கை. அதைப் பெயர் சொல்லிச் சுட்ட முடிந்த நாளில்தான் அது மனிதர் செய்தது, ஆகவே மனிதர் கலைக்கக் கூடியது என்று ஆகிறது. நாதன் மே மாதம் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் பரவியது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் பல உடனே கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் வந்து இறங்க, எவர் முன்னாலும் இறங்கத் தேவையில்லாதவர்களாக இருந்த துரைமார்கள் தெற்கே ஓடினார்கள்.

ஜப்பானியர் ஆட்சி வேறொரு கணக்கு. மலாக்காவையும் தம்பினையும் இணைத்த கிளை ரயில் பாதை 1905இல் போடப்பட்டது. அதன் தண்டவாளங்களை ஜப்பானியர் பெயர்த்து, சயாம் பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளம் போன அதே திசையில் தோட்டத் தமிழர்களும் கூட்டங்கூட்டமாக ஏற்றிச் செல்லப்பட்டார்கள். இரும்பும் திரும்பவில்லை, மனிதர்களில் மிகப் பலரும் திரும்பவில்லை. மலாக்கா நகருக்கு இன்றுவரை ரயில் கிடையாது.

போருக்குப் பின் 1948 பிப்ரவரி 1 அன்று மலாயாக் கூட்டரசு பிறந்தது. நானிங் கோடு தன் கடுமையான முகத்தைக் காட்டியது அப்போதுதான். கூட்டரசு ஒப்பந்தத்தின் குடியுரிமை விதிப்படி, குடியேற்றங்களாகிய மலாக்காவிலோ பினாங்கிலோ பிறந்து, கூட்டரசில் நிரந்தரமாக வாழும் பிரிட்டிஷ் பிரஜை தானாகவே குடியுரிமை பெற்றார். ரெம்பாவ் இருக்கும் நெகிரி செம்பிலான் போன்ற மலாய் மாநிலத்தில் பிறந்த பிரிட்டிஷ் பிரஜைக்கு அது மட்டும் போதாது. அவருடைய தகப்பனும் கூட்டரசுப் பகுதியில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தொடர்ந்து 15 ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும்.

இதை ஒரு குடும்பத்தில் வைத்துப் பார்க்கலாம். தஞ்சைப் பக்கமிருந்து அண்ணனும் தம்பியும் ஒரே கப்பலில் வருகிறார்கள் என்று கொள்வோம். அண்ணனைச் சிம்பாங் அம்பாட் பக்கத் தோட்டத்துக்கும் தம்பியை ரெம்பாவ் பக்கத் தோட்டத்துக்கும் கங்காணி அனுப்புகிறார். 1930இல் இருவருக்கும் ஆளுக்கொரு மகன் பிறக்கிறான். அந்த ஆண்டுகளின் ரப்பர் விலைச் சரிவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தம்பியும் போய், விலை ஏறியதும் திரும்பி வருகிறார். பிறகு சயாம் ரயிலுக்குப் போனவர் திரும்பவில்லை. 1948இல் பெரியவர் மகன் பிறந்த இடத்தைக் காட்டினால் போதும், அவன் குடிமகன். சின்னவர் மகன், இல்லாத தகப்பனின் தொடர்ச்சியான பதினைந்து ஆண்டுகளைக் காட்ட வேண்டும். பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஒரே கோவில் திருவிழாவில் ஒன்றாகக் காவடி பார்த்தவர்கள். இருவரையும் பிரித்தது, 1833இல் ஆங்கிலேய அதிகாரியும் ரெம்பாவ் தலைவர்களும் குறித்து வைத்த ஒரு குன்று, ஒரு மடு, ஒரு பழத்தோட்டம்.

தானாகக் கிடைக்காதவர்களுக்கு விண்ணப்பிக்கும் வழி இருந்தது. மலாயோ ஆங்கிலமோ ஓரளவு தெரிய வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தது. தமிழ் மட்டுமே பேசி, தமிழ் மட்டுமே கற்பித்த தோட்டப் பள்ளியில் சில வகுப்புகள் படித்தவருக்கு அதுவே மதில்.

அதே ஆண்டில், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க அறிவித்த அவசரகாலமும் தொடங்கியது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாள அட்டை வந்தது. சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் குவித்து, முள்கம்பி சுற்றினார்கள். இரவில் ஊரடங்கு. காலையில் வேலைக்குப் போகும்போது வாசலில் சோதனை. சோறோ அரிசியோ காட்டுக்குள் போகக் கூடாது, கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்துவிடும் என்ற அச்சம். வேலியில்லாத இடத்தில் வேலி போட்டவர்களுக்கு, வேலியை எடுக்கும் அதிகாரமும் வேண்டியிருந்தது: 1953 செப்டம்பரில் மலாக்காவின் கடலோரப் பகுதியைத்தான் ஆங்கிலேய அரசு முதன்முதலாக வெள்ளைப் பகுதி என்று அறிவித்து, கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. ஒரே மாநிலத்துக்குள் ஒரு கிராமத்தில் அரிசிக்குக் கட்டுப்பாடு உண்டு, இன்னொரு கிராமத்தில் இல்லை என்ற நிலை.

1957இல் நாடு விடுதலை பெற்றது. அதற்குப் பின் இம்மண்ணில் பிறந்த குழந்தைகள் பிறப்பாலேயே குடிமக்கள் ஆனார்கள். மலாக்காவா ரெம்பாவா என்ற கேள்வி மறைந்தது. முன்பே பிறந்தவர்களுக்கும் ஓராண்டுக்கு மொழித் தேர்விலிருந்து விலக்குக் கிடைத்தது. பலர் பயன்படுத்திக்கொண்டார்கள். பலர் பயன்படுத்தவில்லை. படிவம் நிரப்பத் தெரியாதவர், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலோர் காஜாவுக்குப் போக முடியாதவர், எப்படியும் ஒருநாள் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று நம்பியவர். அவர்களுடைய தவறு என்று இதைச் சொல்வது அநியாயம். எந்தக் கோடு பின்னாளில் சுவராகும் என்று அந்த நாளில் யாருக்குத் தெரியும்? 1962 அக்டோபர் முதல் பிறந்தவர்களுக்கு விதி மீண்டும் இறுகியது: பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும்.

சுவர் எழும்பியது 1969இல். குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று 1968இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, முப்பது நாற்பது ஆண்டுகள் இந்த மரங்களையே வெட்டி வாழ்ந்தவர்கள் ஒரே இரவில் அந்நியத் தொழிலாளர் ஆனார்கள். குடிமக்கள் அல்லாத நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அடையாள அட்டை, குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை என்ற நிறப் பேதம் ஒரே லயத்து வீட்டுக்குள் புகுந்தது. மகனுக்கு நீலம், அம்மாவுக்குச் சிவப்பு. பல்லாயிரம் பேர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். போய் இறங்கிய ஊரில் அவர்களை மலாயாக்காரர் என்றார்கள்.

அதற்குச் சற்று முன்புதான் மலாக்காத் தோட்டத் தொழிலாளர் எல்லையைத் தங்கள் கால்களால் தாண்டிக் காட்டினார்கள். 1967இல் புக்கிட் அசகான் தோட்டத்துத் தொழிலாளர்கள் தங்கள் வழக்கைத் தலைநகரிலேயே சொல்வோம் என்று கோலாலம்பூருக்கு நடந்தே புறப்பட்டார்கள். தோட்ட அலுவலகம், மாவட்டத் தொழிலாளர் அலுவலகம் என்று வகுத்திருந்த படிகளை மதிக்காமல், மாநில எல்லையைத் தாண்டி, தங்களைப் பார்க்காதவர்களின் கண்முன் போய் நிற்பதே அந்த நடையின் பொருள். இன்னொரு வழியை அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் காட்டினார். ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகையில், வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்க, லயத்து மக்கள் வீடும் வேலையும் இழந்தார்கள். தொழிலாளரிடமே சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. கெடாவின் புக்கிட் சிடிம் அதன் முதல் தோட்டம். நடந்தவர்கள் வேலியை எதிர்த்தார்கள்; சம்பந்தன் வேலியையே விலைக்கு வாங்கினார். இரண்டில் எது சரி என்ற வாதம் இன்றும் நடக்கிறது. இரண்டும் தேவைப்பட்டன என்பதே இந்த வரலாற்றிலிருந்து தெரிவது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்தது. 2003இல் பெகோவில் ஹோண்டா கார்த் தொழிற்சாலை தொடங்கியது. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறினார்கள். பெரட்டுக்களத்து விதிகள் எதுவும் அங்கே செல்லாது என்பது அவர்களுக்குப் பெரிய விடுதலை. ஆனால் தொழிற்சாலை வாசலுக்குப் போகும் முன் இன்னொரு வாசல் உண்டு: பள்ளி. 1923இன் தொழிலாளர் சட்டங்கள் கட்டாயப்படுத்தியதால் பிறந்த தோட்டப் பள்ளிகள், இன்று தோட்டமே இல்லாத இடத்திலும் நிற்கின்றன. கடேக், தெபோங், ரும்பியா, புலாவ் செபாங், அலோர் காஜா என்று இந்த மாவட்டத்திலேயே பல தமிழ்ப்பள்ளிகள். ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளி முடிகிறது. மலாய்மொழியில் பின்தங்கிய பிள்ளைகள் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு கூடுதலாகப் படித்துவிட்டே இடைநிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அந்த ஓராண்டில் படிப்பை விட்டவர்கள் உண்டு. பன்னிரண்டு வயதில் சந்திக்கும் இந்த எல்லையைத் தாண்ட வைத்தவர்கள், பெரும்பாலும், மாலையில் கட்டணமில்லாமல் மலாய் சொல்லிக்கொடுத்த தமிழாசிரியர்கள்தான். அவர்களைப் பற்றி அதிகம் பேர் எழுதவில்லை.

குடியுரிமைக் கணக்கும் இன்னும் தீரவில்லை. லயத்தில் மருத்துவச்சி பார்த்த பிரசவம், பதியாத பிறப்பு, தொலைந்த திருமணச் சான்று என்று ஒரு தலைமுறையின் காகிதக் குறை அடுத்த தலைமுறையைப் பிடித்துக்கொண்டது. 2011இல் அரசு மைடஃப்தார் என்ற பெயரில் இந்திய சமூகத்தினரின் ஆவணக் குறைகளைப் பதிவுசெய்யத் தனி இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை ஏற்ற அரசியலமைப்புத் திருத்தம், மலேசியத் தாய்க்கு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கும் குடியுரிமை தர வகைசெய்தது. நெடுநாள் போராடிப் பெற்ற நியாயம் அது. அதே திருத்தம் இன்னொரு கதவைச் சாத்தியது. நிரந்தரவாசியின் பிள்ளை இங்கே பிறந்ததாலேயே குடிமகனாகும் வழியை அது நீக்கியது. சிவப்பு அட்டை வைத்திருக்கும் குடும்பங்களில் இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளின் கதை இது.

இந்த நேரத்தில் சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மூடப்பட்ட தோட்டங்களின் பெரட்டுப் பதிவேடுகள், கூலிக் கணக்குகள், இடம்பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகளின் மாணவர் சேர்க்கைப் பேரேடுகள், கோவில் திருமணப் பதிவுகள் ஆகியவை எங்கெங்கோ அலமாரிகளில் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. எந்தத் தகப்பன் எந்த ஆண்டிலிருந்து எந்த நிரையில் பால் வெட்டினார் என்பதற்கு அவற்றைவிட வேறு சாட்சி கிடையாது. சின்னவர் மகனுக்கு 1948இல் தேவைப்பட்டதும் அதே சாட்சிதான். மலாக்காவின் தமிழ்ச் சங்கங்களும் கோவில் நிர்வாகங்களும் பள்ளி மேலாளர் வாரியங்களும் சேர்ந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் ரெம்பாவ், தம்பின் வட்டாரத்தாரையும் அழைத்துக்கொண்டு, அந்த ஏடுகளைத் திரட்டிப் படமெடுத்து வைக்க வேண்டும். அதற்கு எந்த அரசின் அனுமதியும் தேவையில்லை.